பாடுகிற சுவரும் பேசாத டிவியும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு சுவர் இருந்ததாம். அந்தச் சுவர் பாடுமாம், தவில் வாசிக்குமாம், மழை பெய்யுமாம், குதிரை ஓட்டுமாம். அதற்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாம் அந்தச் சுவரில் மாட்டியிருந்த டிவிதான் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டு, டிவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம். சுவர் கடையிலேயே இருந்துகொள்ளுமாம்.

இந்தக் கதையை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் அண்ணாச்சி. நீங்கள் கேட்டது என்னவோ சின்னக் கேள்விதான். "தம்பி, மடியில நீளமா வச்சிருக்கீகளே, நாதஸ்வரமா?" என்று கேட்டீர்கள். நாதஸ்வரம் இல்லை. சவுண்ட்பார். டிவிக்குக் கீழே வைக்கிற ஸ்பீக்கர். இதை ஏன் இந்தப் புளியங்குடி பஸ் ஸ்டாண்டில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமானால் சுவரிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் சங்கரன்கோவில் வண்டிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. டைம் கீப்பர் சொன்னதை நானும் கேட்டேன்.

என் பெயர் முப்பிடாதி. தென்காசியில் ஒரு டிவிக் கடையில் ஆறு வருஷமாக விற்பனையில் இருக்கிறேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. இப்பவே பாருங்கள், நீங்கள் தலையைச் சாய்த்துத்தான் கேட்கிறீர்கள். ஆனால் என்னிடம் வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியது குறைவு. மெதுவாகப் பேசுகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று சனங்களுக்கு ஒரு நினைப்பு. சரியான நினைப்புதான்.

டிவி வரவர ஒல்லியாகிக்கொண்டே போகிறது அண்ணாச்சி. பழைய டிவிக்கு முதுகுப் பக்கம் ஒரு பெரிய வயிறு இருக்கும், ஞாபகம் இருக்கா? சத்தத்துக்கு அதில் இடம் இருந்தது. இப்போது வருகிறது முறுக்குத் தட்டு கனம்தான். அதற்குள்ளே ஸ்பீக்கர் எங்கே உட்காரும்? தீப்பெட்டி அளவில் ரெண்டு வைக்கிறார்கள். அதையும் முன்னால் வைக்க இடமில்லை, சுற்றிலும் படம்தான். அடியில் வைத்துத் தரையைப் பார்த்துப் பேசவிடுகிறார்கள். சில செட்டில் முதுகில் வைத்துச் சுவரோடு பேசவிடுகிறார்கள். நம்மைப் பார்த்துப் பேசுகிற டிவி இப்போது கிடையாது. முகம் நம் பக்கம், பேச்சு வேறு பக்கம்.

எங்கள் கடையிலோ ஏசி இரைச்சல், ரோட்டில் லாரி, பத்து டிவி ஒரே நேரத்தில் ஓடும். இந்தத் தீப்பெட்டிச் சத்தம் யாருக்குக் கேட்கும்? அதனால் பெரிய டிவிகள் மாட்டியிருக்கிற சுவருக்கு முன்னால் பிளைவுட் பலகை அடித்து, பலகைக்குப் பின்னால் நாலு ஸ்பீக்கரும், கனத்த சத்தத்துக்கென்று ஒரு ஊஃபரும் வைத்திருக்கிறோம். படம் டிவியில் வரும், சத்தம் பலகையில் வரும். இதில் பொய் எங்கே இருக்கிறது? டிவியிலிருந்துதான் சத்தம் வருகிறது என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஒரே ஒருத்தி கேட்டாள். அவளைத்தான் நான் கட்டிக்கொள்ள இருந்தேன்.

சங்கரகோமதி. இந்த ஊர்தான். கூட்டுறவு வங்கியில் வேலை. ஆவணியில் நிச்சயம் ஆயிற்று, தையில் கல்யாணம் என்று பேச்சு. அவள் அப்பா ஆவுடையப்பன், மோட்டார் மெக்கானிக். இங்கே சுற்று வட்டாரத்து எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டார் எல்லாம் அவர் கைக்குத்தான் வரும். அவரிடம் முழ நீளத்தில் ஒரு திருப்புளி உண்டு, ஸ்க்ரூடிரைவர். அதன் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைப்பார், பிடியைக் காதில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். "பேரிங் போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். டாக்டர் குழாய் மாதிரி.

தீபாவளிக்கு முந்தின வாரம் மாமா, அத்தை, கோமதி மூன்று பேரும் எங்கள் கடைக்கு வந்தார்கள். "டிவி வாங்கினா மாப்ள கையால வாங்கணும்" என்று மாமா சொன்னார். எனக்கு அது எப்பேர்ப்பட்ட மரியாதை! மேனேஜர் பெலிக்ஸ் சாரே எழுந்து வந்து நாற்காலி போட்டார். ஐம்பத்தைந்து இஞ்சில் ஒரு கோயில் கச்சேரியைப் போட்டேன். பலகை அதிர்ந்தது.

"தவில் அடிச்சா நெஞ்சுல விழுது மாப்ளே," என்று மாமா மார்பைத் தொட்டுக் காட்டினார்.

கோமதி டிவியின் பக்கவாட்டில் போய் நின்றாள். விரலை வைத்துக் கனத்தை அளந்தாள். "இவ்வளவு ஒல்லியா இருக்கே. இவ்வளவு சத்தம் எங்க இருந்து வருது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நான், "டெக்னாலஜி," என்றேன்.

அது பொய்யா அண்ணாச்சி? நீங்களே சொல்லுங்கள். ஒரு வார்த்தை. அதுவும் நம் பாஷைகூட இல்லை. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், மாமா பணத்தைக் கட்டினார்.

தீபாவளி அன்றைக்கு மதியமே போன் வந்துவிட்டது. "மாப்ளே, செய்தி வாசிக்கிற பொண்ணு குடத்துக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுது," என்றார் மாமா. பின்னால் அத்தையின் குரல்: "பாட்டு வந்தா காது கிழியுது, பேச ஆரம்பிச்சா செத்துப் போகுது. நேத்து சீரியல்ல அந்த மருமக அழுதாளா சிரிச்சாளான்னே தெரியல. பக்கத்து வீட்டுல போய்க் கேட்டுட்டு வந்தேன்."

"செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு மாமா. வந்து பாக்கேன்," என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வாரா வாரம் பெண் வீட்டுக்குப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. போனால் தெருவே பேசும். ஆனால் டிவி பார்க்கப் போகிறவனை யார் என்ன சொல்ல முடியும்? முதல் செவ்வாய் போனேன். ரிமோட்டை எடுத்து உள்ளே போய், பேச்சுத் தெளிவாகக் கேட்கிற மோடுக்கு மாற்றினேன். சரவுண்டை நிறுத்தினேன். கனத்த சத்தத்தை, அதான் பேஸை, குறைத்தேன். விளம்பரம் வந்தால் அலறாமல் இருக்க ஒரு செட்டிங் உண்டு, அதைப் போட்டேன். உண்மையாகவே கொஞ்சம் தெளிந்தது. குடத்துக்குள் இருந்த பெண் அண்டாவுக்குள் வந்தாள். அத்தை வடை சுட்டார். கோமதி தட்டை நீட்டும்போது, "பரவால்லையே, கைராசிக்காரர்தான்," என்றாள்.

ரெண்டாவது செவ்வாய், டிவியைச் சுவரிலிருந்து இறக்கி மர மேஜையில் வைத்தேன். ஸ்பீக்கர் கீழே பார்க்கிறது இல்லையா, கீழே கட்டையான பலகை இருந்தால் சத்தம் அதில் பட்டு நம் பக்கம் வரும். அத்தை மேஜையில் பூ வேலை செய்த துணி விரித்திருந்தார். அதை எடுக்கச் சொன்னேன். சத்தத்தைத் துணி குடித்துவிடும். அத்தைக்கு முகம் வாடிவிட்டது, அது கோமதி பின்னியது. மூன்றாவது செவ்வாய், அதே துணி சமாச்சாரத்தைத் தலைகீழாகச் செய்தேன். ஹால் முழுக்க டைல்ஸ், வெற்றுச் சுவர், எதிரொலி. அதனால் தரையில் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவருக்குத் தடித்த திரை போட்டேன்.

"டிவிக்குப் படுக்கை போட்டாச்சு. இனி மருந்து குடுத்துத் தூங்க வைக்க வேண்டியதுதான் பாக்கி," என்றார் மாமா.

எல்லாரும் சிரித்தோம். நல்ல நாட்கள் அண்ணாச்சி அவை.

நாலாவது செவ்வாய், மாமா டிராக்டரில் மாட்டுகிற ரெண்டு ஸ்பீக்கரை எடுத்துக் கொடுத்தார். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் கொண்டுபோய் ப்ளூடூத்தில் இணைத்தேன். சத்தம் பிரமாதம். ஆனால் வாய் மூடின பிறகு வார்த்தை வந்தது. கதாநாயகன் போய்க் கதவைச் சாத்திய பிறகு, "நான் போகமாட்டேன்," என்றான். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்குத்தான் கோமதி போனைக் காட்டினாள். "இதுல போட்டிருக்கே, ஒல்லி டிவி எல்லாத்துக்கும் இந்தப் பிரச்சினை உண்டாம். சவுண்ட்பார் ஒண்ணு வச்சு, எச்டிஎம்ஐ ஒயர்ல குடுத்தா தீர்ந்துச்சாம். வாயும் வார்த்தையும் சேர்ந்தே வருமாம்."

"அதெல்லாம் வியாபாரத்துக்குச் சொல்றது," என்றேன்.

நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். யோசித்துப் பாருங்கள். சவுண்ட்பார் வாங்குங்கள் என்று நான் சொன்னால் மாமா என்ன கேட்பார்? கடையில இதே டிவி அது இல்லாமலே பாடுச்சே என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்ல? அவர் மனசு சங்கடப்படக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. அதோடு, சரியாகிவிட்டால் செவ்வாய்க்கிழமை எதற்குப் போவது என்று எனக்கும் ஓர் ஓரத்தில் இருந்திருக்கலாம். அது மனுஷ இயல்பு.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு என்றால், அந்தத் திருப்புளியை மறந்தது.

அஞ்சாவது செவ்வாய் நான் போகும்போது மாமா டிவிக்கு அடியில் திருப்புளியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "உள்ள ரெண்டு பூச்சி இருக்கு மாப்ளே. அவ்வளவுதான் உசிரு," என்றார். "கடையில நான் கேட்டது இந்த உசிரு இல்ல. நமக்கு வந்தது பழுது பீஸ். உங்க மேல தப்பில்ல, கம்பெனி ஏமாத்தியிருக்கான் உங்கள. சனிக்கிழமை வாரேன், உங்க பெலிக்ஸ்கிட்ட நான் பேசுதேன். நீங்க வேலை பாக்கிற இடத்துல நீங்களே சண்டை போட முடியாதுல்லா."

எனக்காகச் சண்டை போட வருகிறாராம்! எவ்வளவு நல்ல மனுஷன். வேண்டாம் மாமா என்று ஆன மட்டும் சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, எடுபடவில்லை.

சனிக்கிழமை கூட்டம். மாமா பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கூடவே கோமதி. சுவரில் அதே ஐம்பத்தைந்து இஞ்ச், அதே கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. டிவியின் அடி விளிம்பில் முனையை வைத்தார், பிடியைக் காதில் வைத்தார், கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். தவில் கடையையே தூக்குகிறது, திருப்புளியில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஒரு அடி நகர்ந்து பலகையில் வைத்தார்.

அண்ணாச்சி, மாமா கண்ணைத் திறந்தார். டிவி வாங்க வந்தவர்கள் எல்லாம் டிவியை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் சத்தம் போடவில்லை. என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாப்ளே, இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான், "எனக்கே இப்பத்தான் மாமா தெரியுது," என்றேன்.

மாமா ஒரு மூச்சு விட்டார். தோளில் கை வைத்தார். "அதானே," என்றார். அவ்வளவுதான், எல்லாம் சரியாகிப் போயிருக்கும். சத்தியமாகச் சரியாகிப் போயிருக்கும். அந்த நேரம் பார்த்து பெலிக்ஸ் சார் ஓடி வந்தார். வாடிக்கையாளர் கோபமாக இருந்தால் நம் ஆளைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஏதோ டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அவருக்கு.

"சார், உங்க மாப்ள அருமை உங்களுக்குத் தெரியாது. பலகைக்குப் பின்னால நாலு பெட்டி, ஒரு ஊஃபர். ஒரு ஒயராவது வெளிய தெரியுதா பாருங்க! எல்லாம் முப்பிடாதி ஐடியா, முப்பிடாதி கைவேலை. அவன் வந்த பிறகுதான் சார் இந்தச் சுவரே பாட ஆரம்பிச்சது!"

அண்ணாச்சி, ஆறு வருஷத்தில் அந்த மனுஷன் என்னை ஒரு தடவை பாராட்டியதில்லை. ஒரு தடவை! சம்பள உயர்வு கேட்கும்போது என் பெயர்கூட அவருக்கு ஞாபகம் வராது. இன்றைக்கும் நான் மன்னிக்காதது அவரை மட்டும்தான். எதை எப்போது சொல்ல வேண்டும் என்று ஒரு இங்கிதம் வேண்டாமா? ஒரு குடும்பத்தையே கெடுத்துவிட்டார்.

மாமா தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டார். திருப்புளியைத் துடைத்துப் பையில் வைத்தார். டிவியைத் திருப்பித் தரவும் இல்லை, பணம் கேட்கவும் இல்லை. "போவோமா?" என்று மகளிடம் கேட்டார். போய்விட்டார்கள்.

பத்து நாள் போன் இல்லை. நான் சும்மா இருக்கவில்லை. நாள் முழுக்க யோசித்தேன். பிரச்சினை என்ன? சத்தம். தீர்வு என்ன? சவுண்ட்பார். என் கைக்காசைப் போட்டு இதை எடுத்தேன். முன்னூறு வாட்ஸ். பேச்சுக்கென்றே நடுவில் தனி ஸ்பீக்கர். கோமதிக்கு மெசேஜ் போட்டேன், படத்தோடு. முந்தாநாள் பதில் வந்தது: "செவ்வாய் நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. வீட்டுக்கு வர வேண்டாம்." பெட்டி நீளம், தெருவில் தூக்கிக்கொண்டு நடக்கச் சிரமப்படுவேன் என்று வண்டி எடுத்து வருகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியில்தான் வந்தார்கள். மாமா அதோ, அந்த ஜூஸ் கடைப் பக்கம் நிறுத்திவிட்டு அங்கேயே இருந்துகொண்டார். அவள் மட்டும் வந்தாள். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தாள், நீங்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் வரைக்கும். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள்.

"நிச்சயச் சேலை, மோதிரம், வாட்ச் எல்லாம் இதுல இருக்கு. பெரியவங்க மூலமா அனுப்பினா நாலு பேர் நடுவுல உங்களுக்கு அசிங்கம்னு அப்பா சொன்னாக. அதான் நானே கொண்டாந்தேன்."

நான் பெட்டியைக் காட்டினேன். "இத வச்சுட்டா எல்லாம் சரியாயிரும் கோமதி. அத்தைக்கு ஒரு வார்த்தை விடாம கேக்கும்."

"அம்மா, கீழ எழுத்து ஓடுதுல்லா, அத வாசிக்கப் பழகிட்டாக. டிவி எங்களுக்குப் பழகிப் போச்சு."

"எழுத்த வாசிச்சா படத்தப் பாக்க முடியாதே. இதுல நடு ஸ்பீக்கர் பேச்சுக்குன்னே..."

"அப்பா உங்ககிட்ட அன்னைக்குக் கேட்டது டிவியப் பத்தியா?"

"வேற எதப் பத்தி?"

ராஜபாளையம் வண்டி ஒன்று வந்து, ஆள் ஏற்றி, போனது. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அழுகிற முகம் இல்லை அண்ணாச்சி, கணக்கு சரிபார்க்கிற முகம்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மொட்டை மாடியில என்கிட்ட பேசினீகளே. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. இந்தப் பத்து நாளா அதையேதான் நினைச்சுப் பாக்கேன். அது எந்தச் சுவருக்குப் பின்னால இருந்து வந்த சத்தம்?"

மொட்டை மாடியில் ஏது சுவர்? இடுப்பளவுக்குக் கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் வேப்பமரம். அதைத்தான் சொன்னேன்.

அவள் எழுந்துவிட்டாள். ரெண்டு எட்டு வைத்தவள் திரும்பி, "தெரியும் மாமா, நான்தான் மாட்டினேன்னு ஒரு வார்த்தை. அப்பா சிரிச்சிருப்பாக. திருப்புளிய எடுத்து பெலிக்ஸ் மண்டையில ஒரு தட்டு தட்டியிருப்பாக. அதோட தீர்ந்திருக்கும். தையில நான் உங்க வீட்டுல இருந்திருப்பேன்," என்றாள். போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். போய் வருகிறேன் என்பதற்கு அசைப்போமே, அந்த மாதிரி. வண்டி ஜூஸ் கடையைத் தாண்டித் திரும்பிவிட்டது.

சிரித்திருப்பாராம்! அதை முன்னாலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்கு ஒன்று படுகிறது. முன்னூறு வாட்ஸ் அந்த ஹாலுக்கு அதிகம் என்று மாமா நினைத்திருக்கலாம். காதுக்காரர் இல்லையா. நூற்றிருபதில் ஒன்று இருக்கிறது, அடுத்த செவ்வாய் அதைக் கொண்டு வந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். சேலைப் பையை வீட்டில் அம்மாவிடம் இப்போதைக்குக் காட்டப்போவதில்லை. கேட்டால், ஜாக்கெட் அளவு பார்க்க வாங்கி வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மா மனசு தாங்காது.

சரி, என் கதை கிடக்கட்டும். உங்கள் வீட்டில் என்ன டிவி? ஒல்லிதானே? பேச்சுக் கேட்காமல் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைக்கிறீர்கள்தானே? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, அடக்க விலைக்குத் தருகிறேன். உங்களிடம் எனக்கென்ன லாபம்? சத்தம் எப்படி இருக்கும் என்று சந்தேகம் இருந்தால் கடைக்கு வாங்க. ஒரு தடவை என் பக்கத்தில் நின்று உங்கள் காதாலேயே கேளுங்கள், பிறகு...

அண்ணாச்சி? சங்கரன்கோவில் வண்டி இன்னும் வரவில்லையே. அது புறப்படுகிற இடம்கூட இந்தப் பக்கம்தான்.

அண்ணாச்சி, எங்கே எழுந்து போறீக?